ராத்திரிக்கு ஓர் ஆள்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் நோயாளிக்குத் துணை நிற்கும் வேலை

பாறசாலை தாலுகா மருத்துவமனையிலோ நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையிலோ ஒருவரைச் சேர்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்ததும் வீட்டார் பேசுகிற முதல் பேச்சு, ராத்திரி யார் கூட நிற்பது என்பதுதான். கேரள மருத்துவமனைகளில் நோயாளியோடு ஒரு பைஸ்டாண்டர் இருந்தே ஆகவேண்டும். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓட, ரத்தம் எடுத்த குப்பியை ஆய்வகத்தில் கொடுக்க, டிரிப் தீர்ந்தால் நர்ஸைக் கூப்பிட, பெட்பேன் வைக்க ஓர் ஆள் வேண்டும். பெண்கள் வார்டில் இரவில் பெரும்பாலும் பெண்தான் தங்க முடியும். மகன் துபாயில், மகள் பெங்களூரில், மருமகள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போகவேண்டியவள். அப்போதுதான் அடுத்த தெருவில் 'கூட நிக்க வருகிற' ஒரு பெண்ணின் தொலைபேசி எண் தேடப்படுகிறது.

இந்த வேலைக்கு ஆள் கேட்கும் விளம்பரங்கள் எல்லாமே ஒரு வாக்குறுதி தருகின்றன: நேரம் உங்கள் சௌகரியம்போல். பகல் மட்டும் வரலாம், இரவு மட்டும் வரலாம், வீட்டோடு தங்கலாம், வாரத்தில் சில நாள் மட்டும் பார்க்கலாம். கல்வித் தகுதி பெரிதாகக் கேட்பதில்லை, வயதும் தடையில்லை. எல்லையூர்ப் பெண்களுக்கு இதைவிட எளிதாகக் கதவு திறக்கும் வேலை குறைவு. ஆனால் அந்தச் சௌகரியம் உண்மையில் யார் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் இந்த வேலையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

முதலில் ஊர். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களான அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது; அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் இடையே விழுந்தது. சொந்தபந்தம், தேவாலயம், சந்தை, ரப்பர்த் தோட்டம், ஆசுபத்திரி எதுவும் அந்தக் கோட்டைப் பெரிதாக மதிக்கவில்லை. இரண்டு மொழியும் கலந்த ஒரு பேச்சு பாறசாலை, காறோடு, செங்கல், குன்னத்துகால், வெள்ளறடை வட்டாரங்களில் இன்றும் புழங்குகிறது. நோயாளியோடு இருக்கும் வேலைக்கு இது பெரிய முதல். தமிழ் மட்டும் தெரிந்த முதியவருக்கும் மலையாளத்தில் எழுதுகிற டாக்டருக்கும் நடுவே நிற்க இவர்களால் முடிகிறது.

மருத்துவமும் இங்கே நேற்று வந்ததல்ல. லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1922இல் எவரெஸ்ட் பயணத்துக்கு வந்த தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் மலையை விட்டு இறங்கி அதே நெய்யூரில் அறுவைச் சிகிச்சை நிபுணராக அமர்ந்தார். எல்லைக்குப் பக்கத்தில் காரக்கோணத்தில் இருக்கும் சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயர்தான். வடக்கே போனால் 1951இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி, அதன் வளாகத்தை ஒட்டிய ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனம், 1981இல் வந்த மண்டலப் புற்றுநோய் மையம். தெற்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி. பாறசாலையில் ரயிலேறினால் எந்தப் பெரிய ஆசுபத்திரிக்கும் போய்விடலாம். கன்னியாகுமரி மாவட்ட நோயாளிகள் வடக்கே போகிறார்கள். துணைக்கு நிற்கும் பெண்களும் அதே ரயிலில் போகிறார்கள்.

தேவை ஏன் கூடுகிறது என்பதில் மர்மம் இல்லை. 2021 மதிப்பீட்டின்படி கேரள மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 16.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் 13.6. நாட்டிலேயே முதல் இரண்டு இடங்கள் இவை. 2031இல் கேரளம் 20.9, தமிழ்நாடு 18.2 என்று கணித்திருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டுக் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு வெளிநாட்டில் இருப்போரைச் சுமார் 22 லட்சம் என்று கணக்கிட்டது. பெற்றோர் ஊரில், பிள்ளைகள் கடல் தாண்டி. பணம் வந்துவிடும்; தாங்கிப் பிடிக்கிற கை வராது.

செவிலியர் எண்ணிக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலி, மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். ஏதாவது ஓர் அரசு வார்டில் இரவு பதினொரு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு இந்த அளவுகோல் எங்கே தொங்குகிறது என்று தெரியும். பைஸ்டாண்டர் என்பவர் அந்தப் பற்றாக்குறையைத் தன் உடம்பால் அடைக்கிறார். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக்கொள்கிறார். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் டி.ஒய்.எஃப்.ஐ. இளைஞர்கள் கொடுக்கும் பொதிச்சோறு இவர்களுக்கும் சேர்த்துத்தான் வருகிறது. மருத்துவமனை நிர்வாகப் பட்டியலில் மட்டும் இவர் கிடையாது.

சரி, இவர் செய்வது என்ன? வெறுமனே உட்கார்ந்திருப்பது என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். படுத்த படுக்கையாய் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பெலும்பிலும் குதிகாலிலும் புண் வரும். வந்த புண் ஆற மாதங்கள் ஆகும். மூக்குக் குழாய் வழியே கஞ்சி ஊற்றும்போது தலைமாட்டை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். ஊற்றிய உடனே சாய்த்தால் நுரையீரலில் இறங்கும். மூத்திரப் பையைக் கட்டிலின் மட்டத்துக்கு மேல் தூக்கக்கூடாது. நீரிழிவு உள்ளவர் திடீரென்று வியர்த்து உளறினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம் என்று தோன்ற வேண்டும். எது தன் வேலை இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: ஊசி போடுவது, கழன்ற குழாயைத் திரும்பச் செருகுவது, மாத்திரையின் அளவை மாற்றுவது. வீட்டார் கெஞ்சுவார்கள், 'நீங்க பாத்துப் போட்டுருங்க அக்கா' என்பார்கள். அங்கே மறுப்பதும் இந்த வேலையில் சேர்ந்தது.

இதெல்லாம் உடம்பு சார்ந்தது. மனசு சார்ந்த பகுதிதான் குறைத்து மதிப்பிடப்படுகிறது. மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களில் பலருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் திடீர்க் குழப்பம் வரும். இரவில் எழுந்து வீட்டுக்குப் போகவேண்டும் என்பார்கள்; குழாயைப் பிடுங்குவார்கள்; செத்துப்போன தம்பியைக் கூப்பிடுவார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ஷாரன் இனோய் குழுவினர் 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1999இல் வெளியானது. மருந்து எதுவும் புதிதாகக் கொடுக்கவில்லை. இன்று என்ன கிழமை, இருப்பது எந்த இடம் என்று நினைவூட்டுவது, கண்ணாடியையும் காதுக்கருவியையும் மாட்டிவிடுவது, மெல்ல நடக்கவைப்பது, தண்ணீர் குடிக்கவைப்பது, இரவில் சூடான பானம் கொடுத்து முதுகைத் தடவித் தூங்கவைப்பது. இவற்றில் பலவற்றைப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் செய்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 15 விழுக்காட்டினருக்குக் குழப்பம் வந்தது, இந்தப் பராமரிப்பு பெற்றவர்களில் 9.9 விழுக்காட்டினருக்கே வந்தது. காரக்கோணத்திலோ நெய்யாற்றின்கரையிலோ ஒரு பாட்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து 'இன்னிக்கு வெள்ளியாச்சே, பள்ளிமணி கேட்டுதா?' என்று பேச்சுக் கொடுக்கும் பெண் செய்வதும் இதைத்தான். அவளுக்கு இதை யாரும் வேலை என்று சொல்லிக் கொடுத்ததில்லை.

மறுபக்கமும் சொல்லவேண்டும். மேலை மருத்துவமனைகளில் நோயாளி விழாமல் பார்க்க ஆள் வைப்பதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பக்கத்தில் ஆள் இருந்தாலே விழுவது குறைகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை என்று 2020இல் எழுதினார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. எழுந்தவரைப் பிடி என்று மட்டும் சொல்லி நாற்காலியில் அமர்த்தினால், பின்னிரவு மூன்று மணிக்கு நாற்காலியும் தூங்கும்.

அந்த மூன்று மணிதான் நம்மை நேரக் கணக்குக்குக் கொண்டுவருகிறது. இந்த ஊர்களில் வேலை மூன்று விதமாக அமைகிறது. ஒன்று, வீட்டோடு தங்கி இருபத்து நாலு மணிநேரமும் பார்ப்பது. ஊர் இதை ஹோம் நர்ஸ் என்கிறது. நர்சிங் படித்தவர் அரிதாகவே இதற்கு வருவார். இரண்டு, பகல் முறை. மூன்று, இரவு முறை. ஏஜென்ஸி வழியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகை. ஊருக்குள்ளேயே பார்க்கிறவர்கள் பின்னிரண்டு.

தங்கிப் பார்க்கும் முறையில் நேரம் என்பதே இல்லை. நோயாளி தூங்கும்போது தூங்கலாம் என்பார்கள். மூளைத் தேய்வு வந்தவர் இரவில்தான் விழித்திருப்பார். ஆனாலும் கணவனை இழந்தவர்களும் தனித்து வாழ்பவர்களும் இதைத் தேடியே வருகிறார்கள். சாப்பாடும் கூரையும் கிடைக்கிறது, சம்பளம் அப்படியே மிச்சம். இவர்களுக்குப் பகுதி நேரச் சௌகரியம் என்று ஆசை காட்டினால் சிரிப்பார்கள்.

இரவு முறைக்கு வருகிறவர்களின் கணக்கு வேறு. காலையில் ரப்பர் வெட்டுக்கோ முந்திரி ஆலைக்கோ தொழிலுறுதி எனப்படும் ஊரக வேலையுறுதித் திட்ட வேலைக்கோ போகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டியவர்கள். கடைசி வசதியான பஸ் எப்போதோ அப்போதுதான் முறை தொடங்கும். முதல் பஸ் எப்போதோ அப்போது முடியும். தொழிலுறுதித் திட்டத்தில் 2023 முதல் வேலையிடத்தில் நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து வருகை பதிவதைக் கட்டாயமாக்கினார்கள். ராத்திரி கண் விழித்தவள் காலையில் அந்தப் படத்துக்குள் நின்றாக வேண்டும். இரண்டு கூலி கிடைக்கிறது என்பது உண்மை. தூக்கத்தை யார் ஈடுகட்டுவது என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. தூங்கி வழிகிற கண்ணோடு நோயாளியைத் தூக்கி உட்காரவைக்கும்போது விழப்போவது இருவரும்தான்.

நோய் நேரம் பார்த்து நடப்பதில்லை. சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது. பத்து நாள் என்று பேசி வந்த வேலை, மூன்றாம் நாள் காலை ரவுண்டில் டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதியதும் முடிந்துவிடும். ஐ.சி.யு.வுக்கு மாற்றினால் உள்ளே ஆள் வேண்டாம். ஆனால் வெளியே காத்திருக்கச் சொல்வார்கள், கூலி பற்றிப் பேச்சு வராது. ஞாயிற்றுக்கிழமை மாலை வரவேண்டிய மகன் ரயிலைத் தவறவிட்டால், தொண்டையில் துளையிட்ட நோயாளியை விட்டுவிட்டு இவளால் பஸ் ஏற முடியாது. நோயாளி இறந்தால் அன்றைக்கே வேலையும் போயிற்று. சாவு வீட்டில் கூலி கேட்பது எப்படி என்று பதினாறு நாள் கழித்துப் போய்க் கேட்டு அரைக்கூலி வாங்கியவர்கள் இங்கே உண்டு. நிச்சயமின்மை முழுவதும் ஒருத்தியின் தலையில் இறங்கிவிடுகிறது. அதற்குத்தான் சௌகரியமான நேரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு நோயாளி, ஒரு துணை என்ற அமைப்பில் நேரம் ஒருபோதும் இளகாது என்பது என் முடிவு. நேரம் இளகவேண்டுமானால் ஆள் எண்ணிக்கை கூடவேண்டும். அக்கம்பக்கத்து இரண்டு பெண்கள் ஒரு நோயாளியை ஒன்றுவிட்ட ஒரு நாளாகப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இந்த ஊர்களில் இருக்கிறது. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் போகிறாள்; ஒருத்தி வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவள் இரண்டு இரவு சேர்த்துப் பார்க்கிறாள். இதை எந்த ஏஜென்ஸியும் ஏற்பாடு செய்யவில்லை. ஏஜென்ஸிக்கு ஓர் ஆள், ஒரு வீடு, ஒரு கமிஷன் என்று இருப்பதே கணக்குக்கு எளிது.

கேரளம் இந்தப் பாடத்தை வேறொரு வாசலில் ஏற்கனவே கற்றிருக்கிறது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு தொடங்கிய வலி நிவாரண அமைப்பிலிருந்து, மலப்புறம் பக்கத்தில் அயல்வாசிகளின் நோயாளிப் பராமரிப்பு வலை வளர்ந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிகிறவர் வந்தால் போதும் என்று கேட்டார்கள். பதினாறு மணிநேர வகுப்பு, மேற்பார்வையில் சில நாள் நேரடிப் பயிற்சி. சிறு நேரமாகப் பலர் கொடுத்ததால் வலை அறுபடாமல் நின்றது. 2008இல் அரசு இதற்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது. இன்று ஊராட்சிச் செவிலி வீடு வீடாக வருகிறார். 2003இல் ராஜகோபால் நிறுவிய, திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்ட பேலியம் இந்தியாவும் தெற்கு மாவட்டத்துக்கு ஒரு பலமானது. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவத்தைத் தொடங்கி, வீட்டிலேயே வலி நிவாரணமும் இயன்முறைச் சிகிச்சையும் கொடுக்கிறது.

ஆனால் இவர்களெல்லாம் வந்துபோகிறவர்கள். அரைமணி நேரத்தில் புண்ணைத் துடைத்து, குழாய் மாற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். மிச்சமுள்ள இருபத்து மூன்றரை மணிநேரம் வீட்டிலுள்ள பெண்ணுக்கோ கூலிக்கு வந்த பெண்ணுக்கோதான். 2024ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில் 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டாரைப் பராமரிப்பதில் ஈடுபட்டிருந்தார்கள், ஆண்களில் 21.4. ஈடுபட்ட பெண் நாளுக்கு 140 நிமிடம், ஆண் 74 நிமிடம். குழந்தை வளர்ப்பும் இதில் அடக்கம்.

இந்த உழைப்புக்குக் கேரளம் ஒரு விலையும் வைத்திருக்கிறது. படுக்கையிலிருப்பவரை முழுநேரமும் பார்ப்பவருக்கு 'ஆசுவாசகிரணம்' என்ற திட்டத்தில் மாதம் 600 ரூபாய். நாளுக்கு 20 ரூபாய் ஆகிறது. அதுவும் மாதக்கணக்கில் நிலுவை என்று செய்தி வந்துகொண்டிருக்கிறது. இரு மாநிலக் காப்பீட்டுத் திட்டங்களும் மருத்துவமனைச் செலவை ஏற்கின்றன. கூட நிற்பவரின் கூலியை ஏற்பதில்லை. ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு கொண்டுவந்தன. அங்கேயும் ஆள் தட்டுப்பாடு தீரவில்லை. ஆனால் யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி தீர்ந்தது.

சட்டம் எங்கே இருக்கிறது? 2018இல் கேரளம் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் அறிவித்தது. நீண்ட போராட்டத்தின் பலன் அது. குடும்பம் நேராக அமர்த்திய துணை அதற்குள் வரமாட்டார். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு செயலி வழித் தொழிலாளர் யார் என்று விளக்குகிறது. ஏஜென்ஸிக்காரரின் கைபேசி செயலி ஆகாது. வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் பற்றி ஆராய நிபுணர் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசிடம் சொன்னது. கையில் இருக்கிற ஒரே திடமான பாதுகாப்பு 2013ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம்: அது வீட்டையும் பணியிடமாகக் கொள்கிறது, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் புகார் தரலாம். இரவு முறைக்குப் போகும் பெண்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இது. எல்லை வேறு குறுக்கே கிடக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. களியக்காவிளைப் பெண் பாறசாலை வீட்டில் வேலை பார்க்கும்போது முதுகு பிடித்துக்கொண்டால் எந்த அரசிடம் போவாள்? 2020 பொதுமுடக்கத்தில் சோதனைச்சாவடியில் இ-பாஸ் கேட்டபோது இந்தக் கேள்வி அப்பட்டமாகத் தெரிந்தது. பிறகு எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

வளர்ப்புப் பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் இதே பெண்களிடம் வந்து சேர்கிறது. ஆனால் தனி வேலையாக அல்ல. கல்ஃப் பணத்தில் கட்டிய வீட்டில் ஒரு கிழவியும் ஒரு லாப்ரடாரும் இருந்தால், கிழவிக்கு ஆள் வைக்கும்போதே 'அதுக்கும் கொஞ்சம் சோறு வச்சிரணும்' என்பார்கள். நகரத்தில் அதற்கெனத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். இங்கே அது இலவச இணைப்பு. நாயோடு பழகும் வேலை என்றால் கடிபடுவதற்கு முன்பே ரேபிஸ் தடுப்பூசியை 0, 7, பிறகு 21 அல்லது 28ஆம் நாள் போட்டுக்கொள்வது நல்லது. செலவு வீட்டுக்காரருடையதாக இருக்கவேண்டும்.

கடல் தாண்டியும் இந்த வேலை போகிறது. இஸ்ரேலில் முதியவர்களைப் பார்க்கும் வேலைக்குக் கேரளப் பெண்கள் ஆயிரக்கணக்கில் போயிருக்கிறார்கள். 2021 மே மாதம் அஷ்கெலோனில் விழுந்த ராக்கெட்டில் இறந்த இடுக்கிப் பெண், ஒரு மூதாட்டிக்குத் துணையாக இருந்தவர். அங்கே போகிறவர்களுக்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது, ஓய்வு நாள் இருக்கிறது. பாறசாலையில் இரண்டும் இல்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால், சான்றிதழ் கொடுங்கள் என்பதே பெரும்பாலோரின் பதில். கேரளத்தின் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீ 2018இல் 'ஹர்ஷம்' என்று முதியோர் பராமரிப்புப் பயிற்சி தொடங்கியது. இப்போது 'கே4 கேர்' என்ற பெயரில் ஆட்களைப் பயிற்றி அனுப்புகிறது. நல்லதுதான். ஆனால் பயிற்சி பெற்றவளையும் தனியாகவே ஒரு வீட்டுக்குள் அனுப்பினால் மேலே சொன்ன எல்லாம் அவளுக்கும் நடக்கும். குடும்பஸ்ரீயின் பலமே பத்து இருபது அயல்வாசிப் பெண்கள் சேர்ந்த குழு. ஒரு நோயாளிக்கு அந்தக் குழுவிலிருந்து இருவரோ மூவரோ முறை வைத்துப் போகலாம். இருபது பேரும் மாறி மாறிப் போகமுடியாது. மூளைத் தேய்வு உள்ளவருக்கு முகம் மாறினால் பயம் கூடும், பழகிய குரலின் பலனும் போய்விடும். மூன்று என்பதே என் கணக்கில் மேல்வரம்பு.

மூவர் முறைக்குச் சில சில்லறை விதிகள் வேண்டும். ஒருவர் கிளம்பி மற்றவர் வரும் அரைமணி நேரத்துக்கு இருவருக்கும் கூலி. அந்த அரைமணியில் எப்போது புரட்டினோம், எவ்வளவு குடித்தார், மூத்திரம் போனதா என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கைமாற்றவேண்டும். திடீரென்று டிஸ்சார்ஜ் ஆனாலும் இறந்தாலும் குறைந்தது இரண்டு நாள் கூலி. காத்திருக்கச் சொன்ன நேரம் வேலை நேரம். இரவு முறை பார்த்தவருக்கு மறுநாள் இரவு ஓய்வு. இந்த நாலு வரியை ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கையெழுத்து வாங்க ஊராட்சி வார்டு உறுப்பினர் முன்னால் நின்றால் போதும். ஆசுவாசகிரணத்தின் 600 ரூபாயை உயர்த்தி, கூலிக்கு ஆள் வைக்கும் ஏழை வீடுகளுக்கும் அதை நீட்டிக்கும்வரை, அந்தத் தாளில் கையெழுத்திடும் வசதி கல்ஃப் வீடுகளுக்குத்தான் இருக்கும். கூலித்தொழிலாளி வீட்டில் படுத்திருக்கும் அம்மாவுக்கு அதுவரை பக்கத்து வீட்டுப் பெண் கூலி பேசாமலே போய்க்கொண்டிருப்பாள்.